குமரியில் எது எதோடு கலக்கிறது?

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதில் எது வங்காள விரிகுடா, எது அரபிக்கடல்?" என்றுதான். முக்கடல் சங்கமத்துப் படித்துறையில் முழங்கால் நீரில் நின்றபடி, தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அப்பா கையை நீட்டிக் காட்டுவார்: "அதோ பச்சையா தெரியுதே, அது ஒண்ணு. அந்தப் பக்கம் நீலம், அது இன்னொண்ணு." பிள்ளையும் தலையாட்டும். பச்சைக்கும் நீலத்துக்கும் காரணம் அடியிலுள்ள ஆழமும், அலை கலக்கிவிட்ட மணலும், வெயில் விழும் கோணமும்தான். மேகம் ஒன்று நகர்ந்தால் பச்சை இருந்த இடத்துக்கு நீலம் வந்துவிடும். இரண்டு கடல்கள் கலக்காமல் கோடு போட்டு நிற்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிற புகழ்பெற்ற படம் அலாஸ்கா வளைகுடாவில் எடுத்தது. பனியாற்று நீர் கடலில் சேரும் இடம் அது.

இன்னும் ஒரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். உலகக் கடல்களின் எல்லைகளை வகுத்துச் சர்வதேச நீரியல் அமைப்பு 1953இல் வெளியிட்ட வரையறையின்படி, வங்காள விரிகுடா குமரி வரை வருவதே இல்லை. அதன் தென்மேற்கு எல்லை இராமர் பாலத்தோடும் இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையோடும் நின்றுவிடுகிறது. அரபிக்கடலும் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. கார்வாருக்கு அருகிலிருந்து இலட்சத்தீவு, மாலத்தீவு வழியாக ஒரு கோடும், அங்கிருந்து தேவேந்திரமுனைக்கு இன்னொரு கோடும் இழுத்தால் உள்ளே அடைபடும் நீர்ப்பரப்பு முழுவதற்கும் இலட்சத்தீவுக் கடல் என்று பெயர். குமரி முனையின் கிழக்கும் மேற்கும் தெற்கும் அந்த ஒரே கடல்தான்.

அப்படியானால் சங்கமம் என்பது பொய்யா? இல்லை. இங்கே கலப்பு நடக்கிறது. நாம் நினைப்பதைவிடப் பெரிய அளவில் நடக்கிறது. கடல் மட்டுமல்ல, பாறையும் மணலும் காற்றும் வெளிச்சமும்கூட இந்த முனையில் சேர்ந்தும் பிரிந்தும் போயிருக்கின்றன. ஒரு பகல் முழுக்க இங்கே இருந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

விடியலிலிருந்தே தொடங்கலாம். கிழக்கு அடிவானத்தில் சிவப்பு விளிம்பு தலைகாட்டியதும் கூட்டம் ஆரவாரிக்கும். அந்த நேரத்தில் சூரியன் உண்மையில் அங்கே இல்லை. காற்றுமண்டலம் ஒளியை வளைக்கிறது. அடிவானத்துக்கு அருகில் அந்த வளைவு அரை டிகிரியைச் சற்றே தாண்டும். சூரிய வட்டத்தின் அகலமும் ஏறக்குறைய அரை டிகிரிதான். ஆகவே வட்டம் முழுதாக எழுந்து, அதன் அடிவிளிம்பு கடலைத் தொட்டு நிற்பதாக நாம் பார்க்கும்போது, நிஜச் சூரியன் இன்னும் முழுதாக அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. நாம் கைகூப்புவது காற்று தூக்கிக் காட்டும் அதன் உருவத்தை. நில நடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால், விளிம்பு தெரிந்து முழு வட்டமாவதற்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். கேமராவைத் தேடுவதற்குள் முடிந்துவிடுகிற காட்சி இது.

குமரியில் உதயத்தையும் அத்தமனத்தையும் கடலிலேயே பார்க்கலாம் என்பார்கள். உதயத்துக்கு அது ஆண்டு முழுவதும் பொருந்தும். அத்தமனத்துக்குப் பொருந்தாது. இங்கிருந்து கரை மேற்கு வடமேற்காக வளைந்து போகிறது. சூரியன் வடக்கே சாய்ந்து மறையும் சித்திரை முதல் ஆவணி வரை அது நிலத்தின் பக்கம்தான் இறங்கும். ஐப்பசியிலிருந்து மாசி வரை தென்மேற்கே சாய்ந்து போகும்போதுதான் கடலில் விழும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பனிக்காலத்தில் வருவது நல்லது.

வெயில் ஏறும் முன் கரையில் குனிந்து பார்க்க வேண்டியது மணல். கடைகளில் சங்கு, சோழி மாலைகளோடு சிறு பொட்டலங்களில் பல நிற மணலும் விற்கிறார்கள். வெள்ளை, மஞ்சள், கருஞ்சிவப்பு, கறுப்பு. கன்னியாகுமரி அம்மனுக்கும் சுசீந்திரத்து இறைவனுக்கும் நடக்கவிருந்த திருமணம் நின்றுபோனதால், விருந்துக்குக் குவித்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது ஊர்க்கதை. ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் அந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்று புரியும். சில மணிகள் குருணை அரிசி போலவே இருக்கின்றன. கருஞ்சிவப்பு மணிகள் கார்னெட். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட். வலுவான காந்தத்தை அருகே கொண்டுபோனால் அந்தக் கறுப்புப் பொடி அசைந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் துணுக்கு மாதிரி இருப்பவை குவார்ட்ஸ். அவற்றினூடே தேன் நிறத்தில், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்போடு அரிதாகச் சில மணிகள் கிடக்கும். அவை மோனசைட்.

இவற்றைப் பிரித்து வைப்பது அலை. குவார்ட்ஸ் நீரைப் போல 2.65 மடங்கு கனம். கார்னெட் 4 மடங்கு. இல்மனைட் ஏறக்குறைய 4.7; மோனசைட் 5 மடங்கு. அலை மேலேறும்போது எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி வருகிறது. திரும்பும்போது அதற்கு வேகம் குறைவு, லேசான குவார்ட்ஸை மட்டும் இழுத்துப் போக முடிகிறது. கனமானவை தங்கிவிடுகின்றன. முறத்தில் புடைக்கிற வேலைதான்; இங்கே நாளெல்லாம், ஆண்டெல்லாம் நடக்கிறது. பருவக்காற்றுக் காலத்து முரட்டு அலைக்குப் பிறகு கரையில் கறுப்புப் பட்டைகள் அகலமாகத் தெரிவது இதனால்தான். வட்டக்கோட்டைக்குப் போகிறவர்கள் கோட்டை மதிலின் ஓரத்தில் இந்தக் கருமணல் கரையைத் தெளிவாகவே பார்க்கலாம்.

மோனசைட்டின் கதை குமரி மாவட்டத்தை உலகத்தோடு கோத்த கதை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இந்தத் தாதுவைக் கண்டுகொண்டார். கயிறு வந்த வழியைத் தேடி அவர் வந்து சேர்ந்த இடம் குமரிக்கு மேற்கே உள்ள மணவாளக்குறிச்சி. அன்று ஐரோப்பிய நகரங்களின் தெருக்கள் எரிவாயு விளக்கில் எரிந்துகொண்டிருந்தன. சுடரைச் சூழ்ந்திருக்கும் வலைக்கூடு, நம் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில்தான், கண்ணைப் பறிக்கும் வெண்மையோடு ஒளிரத் தோரியம் ஆக்சைடு தேவைப்பட்டது. தோரியத்துக்கு மோனசைட் தேவைப்பட்டது. பெர்லினிலும் லண்டனிலும் இரவில் நடந்தவர்களுக்கு வழிகாட்டியதில் இந்தக் கரையின் மணலுக்கும் பங்கு உண்டு. இன்று அதே மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் மணலிலிருந்து தாதுக்களைப் பிரித்தெடுக்கிறது. தாதுமணல் அள்ளுவது கரையோர ஊர்களில் நெடுங்கால வழக்காகவும் வருத்தமாகவும் இருந்து வருவது. தனியார் அள்ளுவதற்கு 2013இல் தமிழ்நாடு அரசு தடை போட்டது. அலை இத்தனை காலம் புடைத்துச் சேர்த்த மணலை லாரியில் ஏற்றிவிட்டால், அந்தக் கரையைக் கடலிடமிருந்து காப்பது எது என்ற மீனவர்களின் கேள்வி நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தேன் நிற மணிக்குள் இருக்கும் தோரியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறிக்கொண்டிருக்கிறது. பாதித் தோரியம் மாறி முடிய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடிதான். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது, எவ்வளவு தோரியமும் யுரேனியமும் மிச்சமிருக்கின்றன என்று அளந்தால், அந்த மணி எப்போது படிகமானது என்று கணக்கிட்டுவிடலாம். நிலவியலாளர்கள் தென்னிந்தியப் பாறைகளின் வயதை அறிய மோனசைட்டையும் சிர்க்கானையும் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். குமரிப் பகுதிப் பாறைகள் சுட்டு உருமாறிய காலமாக அவை திரும்பத் திரும்பச் சொல்லும் எண் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள்.

காலை எட்டு மணிக்கு மேல் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு கிளம்பும். கடல் கொந்தளித்தாலும், நீர்மட்டம் இறங்கினாலும் படகு நிறுத்தப்படும். அன்று வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். சில நிமிடப் பயணத்தில் விவேகானந்தர் பாறை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் நீந்திப் போய்த் தியானத்தில் அமர்ந்த இடம். ஏக்நாத் ரானடேயின் முயற்சியில் எழுந்த நினைவு மண்டபம் 1970 செப்டம்பரில் திறக்கப்பட்டது. மண்டபத்தைப் பார்த்த பிறகு, காலுக்கடியில் இருக்கும் பாறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டுகிறேன்.

இந்தத் தென்கோடிப் பகுதியின் பாறைகள் சார்னோக்கைட்டும் கார்னெட் பொதிந்த நைஸும். உடைத்த புதுப் பரப்பில் கரும்பச்சை கலந்த எண்ணெய்ப் பளபளப்பு, வெயில் மழை பட்ட பரப்பில் பழுப்பு. சில பாறைகளில் உற்றுப் பார்த்தால் மிளகளவு சிவப்புக் கார்னெட் தெரியும். கரையில் நாம் கையில் எடுத்த சிவப்பு மணிகளுக்குத் தாய் வீடு இத்தகைய பாறைகள்தான். இவை தரைக்கு மேலே உண்டானவை அல்ல. நிலத்துக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 800 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து உருமாறியவை. மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் மழையிலும் ஆற்றிலும் தேய்ந்து போன பிறகுதான் இவை வெளிச்சத்துக்கு வந்தன. ஒரு மலைத்தொடரின் அடிவயிற்றின் மேல் நின்றுகொண்டுதான் செல்ஃபி எடுக்கிறோம்.

அந்தச் சூடு ஏன் வந்தது? 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவாகிக்கொண்டிருந்தது. இன்றைய தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் அந்த மோதலில் ஒட்டிக்கொண்டவை. குமரிப் பாறையை ஒத்த வயதும் குணமும் உள்ள பாறைகள் இலங்கையின் மலைநாட்டிலும் மடகாஸ்கரின் தெற்கிலும் இருக்கின்றன. பிறகு பிரிவு வந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவும் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் விலகின. குமரி முனை அந்தக் கிழிசலின் ஓரம்.

பாறையின் தெற்கு விளிம்பில் நின்று நேர் தெற்கே பாருங்கள். இந்தத் தீர்க்கரேகையில், கிழக்கே ஏறத்தாழ 77 அரை டிகிரி, அடுத்த நிலம் எது? இலங்கை இடப்பக்கம் விலகி நிற்கிறது, மாலத்தீவு வலப்பக்கம். நேர்கோட்டில் 5,100 கிலோமீட்டர் போனால்தான் ஒரு நிலம் வருகிறது: பிரான்சுக்குச் சொந்தமான ஆம்ஸ்டர்டாம் தீவு, குளிர்ந்த தென்கடலில் தனித்து நிற்கும் சின்ன எரிமலை. அதையும் கடந்து போனால் அண்டார்டிகாவின் பிரிட்ஸ் விரிகுடா. அதன் கரையிலுள்ள லார்ஸ்மன் குன்றுகளில் 2012 முதல் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் இயங்குகிறது. அந்தக் குன்றுகளின் பாறைகளும் ஏறக்குறைய அதே காலத்தில், கோண்டுவானா கூடியபோது வெந்து உருமாறியவைதான். நிலையத்துக்கு இடம் பார்த்ததில் இந்த உறவுக்கும் ஓர் இடம் இருந்தது. நம் ஆய்வாளர்கள் அங்கே பனியின் ஓரத்தில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது ஒரு காலத்தில் நம்மோடு ஒட்டியிருந்த நிலத்தை.

பக்கத்துப் பாறையில் திருவள்ளுவர். கணபதி ஸ்தபதியின் கைவண்ணத்தில் எழுந்து, 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட சிலை. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து 95 அடிச் சிலை, மொத்தம் 133 அடி. இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட பிறகு, படகை எதிர்பார்க்காமல் நடந்தே போகலாம். காலுக்கடியில் அலை உடைவது தெரியும்.

இந்தக் கல்லின் உறுதி சோதிக்கப்பட்டது 2004 டிசம்பர் 26 அன்று. காலை ஆறரை மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. ஆழ்கடலில் சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழித்து அது குமரியை அடைந்தபோது, நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் விவேகானந்தர் பாறையில் இருந்தார்கள். சுற்றிலும் கடல் பொங்கி எழுந்தது. சிலை நிலைத்து நின்றது. பாறையில் இருந்தவர்கள் பிறகு மீட்கப்பட்டார்கள். மேற்குப் பக்கம் பார்த்த குளச்சலில்தான் பேரழிவு. கிழக்கிலிருந்து வந்த அலை மேற்குக் கரையை எப்படித் தாக்கியது என்று அன்று பலருக்கும் புரியவில்லை. இலங்கை இடையே நின்றதால் நேரடி அடி ஓரளவு தடைபட்டது உண்மைதான். ஆனால் அலை நிழலை மதிப்பதில்லை. தடையின் விளிம்பைச் சுற்றி வளையும். ஆழம் குறையும் பக்கம் வேகம் குறைவதால் அந்தப் பக்கமாகத் திரும்பும். இலங்கையின் தென்முனையைச் சுற்றி வந்த அலை குமரியையும் சுற்றித் திரும்பிக் குளச்சலில் ஏறியது. ஓர் ஊரின் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. முனையில் இருப்பவர்கள் இரண்டு திசைக்கும் கடன்பட்டவர்கள் என்பதை அந்தக் காலை கற்பித்துப் போனது.

உச்சி வேளைக்குள் கரைக்குத் திரும்பினால் காந்தி மண்டபத்துக்கு நேரம் சரியாக இருக்கும். 1948 பிப்ரவரி 12 அன்று கடலில் கரைப்பதற்கு முன் காந்தியடிகளின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில், 1956இல் கட்டியது. கூரையில் உள்ள துளை வழியே அக்டோபர் 2 அன்று உச்சிச் சூரியனின் ஒளி அந்த இடத்தில் விழும்படி அமைத்திருக்கிறார்கள். குமரி இருப்பது வட அட்சம் 8 டிகிரியில். அக்டோபர் 2 அன்று சூரியன் நில நடுக்கோட்டுக்கு மூன்றரை டிகிரி தெற்கே நிற்கும். இரண்டையும் கூட்டினால், அன்றைய உச்சிச் சூரியன் தலைக்கு மேலிருந்து பதினொன்றரை டிகிரி தெற்கே சாய்ந்திருக்க வேண்டும். துளையும் தரையில் அந்த இடமும் இந்தச் சாய்வுக்குப் பொருந்தினால் வேலை முடிந்தது.

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை அதே இடத்தைக் கடக்கிறது: தெற்கே போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை. அக்டோபர் 2ஆம் தேதிக்கு இணையான அந்த இன்னொரு நாள் மார்ச் 11, 12 வாக்கில் வருகிறது. ஆகவே அந்த நாட்களிலும் ஒளி அதே இடத்தைத் தொட்டாக வேண்டும். மார்ச் 12 தண்டி யாத்திரை 1930இல் புறப்பட்ட நாள். வானவியல் கணக்குக்கும் வரலாற்றுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை, முழுக்கத் தற்செயல். ஆனாலும் அந்தத் தேதியில் யாராவது போய் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. போகிறவர்கள் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் கிளம்பிவிட வேண்டாம். இந்திய நேரம் கணிக்கப்படும் தீர்க்கரேகைக்குக் குமரி மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே தாமதமாக உச்சிக்கு வரும். மார்ச்சில் அது ஏறத்தாழ பன்னிரண்டரை.

நிழலே இல்லாத உச்சியும் இங்கே உண்டு. ஏப்ரல் 10, 11 வாக்கில் சூரியன் குமரியின் நேர் தலைக்கு மேல் வருகிறது, திரும்ப செப்டம்பர் தொடக்கத்தில் வருகிறது. நட்டு வைத்த கோலின் நிழல் அதன் காலடிக்குள் மறைந்துவிடும். வடக்கே நகரும் சூரியன் இந்தியப் பெருநிலத்தில் முதலில் இப்படி நிற்பது இங்கேதான்.

பிற்பகலில் வெயிலுக்கு ஒதுங்கி, படித்துறையில் விட்டுவந்த கேள்விக்குத் திரும்பலாம். தென்கடலோர மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். காற்றையும் நீவாட்டையும் பார்க்காமல் யாரும் வள்ளம் இறக்குவதில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே வழி இல்லை, ஆசியா அடைத்து நிற்கிறது. அந்த நிலம் கோடையில் சூடேறிக் குளிர்காலத்தில் ஆறுவதால் காற்று ஆண்டுக்கு இரு முறை திசை மாறுகிறது. காற்றோடு கடல் நீரோட்டமும் தலைகீழாகத் திரும்புகிறது. வேறெந்தப் பெருங்கடலிலும் இவ்வளவு பெரிய அளவில் இது நடப்பதில்லை.

ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் கரையை ஒட்டி நீர் தெற்கே இறங்குகிறது. குமரியையும் இலங்கையையும் சுற்றிக் கிழக்கே வங்காள விரிகுடாவுக்குள் போகிறது. அது அரபிக்கடலின் நீர்: ஆவியாவது அதிகம், ஆறுகள் குறைவு, ஆகவே உப்பு மிகுதி. ஒரு கிலோ நீரில் 35, 36 கிராம் உப்பு. கார்த்திகை, மார்கழியில் எதிர்ப்பக்கம். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கோதாவரியும் கொட்டி நீர்த்துப்போன வங்காள விரிகுடா நீர் கிழக்குக் கரையோரமாக இறங்குகிறது. பாக் நீரிணை மிக ஆழம் குறைந்ததால் பெரும்பகுதி இலங்கையைச் சுற்றி வந்து, குமரிக்குத் தெற்கே கடந்து, கேரளக் கரையோரமாக வடக்கே ஏறுகிறது. இமயமலையில் பெய்த மழையின் சாயல் மாதக்கணக்கில் பயணம் செய்து கொச்சிக்கு வெளியே கடலின் உப்பைக் குறைக்கிறது. இதுதான் சங்கமம். கடல்கள் இந்த முனை வழியாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒன்றுக்குள் ஒன்று பாய்கின்றன. கண்ணால் காணும் கோடு எதுவும் இல்லை, கப்பலில் போய் உப்பை அளந்தவர்கள்தான் அதைக் கண்டார்கள். முன்னோர் இந்த இடத்துக்குச் சங்கமம் என்று பெயரிட்டது எனக்கு இன்னும் அழகாகத் தெரிவது இந்த அளவீடுகளைப் படித்த பிறகுதான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது குமரியில் வெறும் சொலவடை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நெருக்கிப் பிதுங்கி வருகிறது. முப்பந்தலைச் சுற்றிய காற்றாலைக் காடு அதை அறுவடை செய்கிறது. கடலிலும் காற்று முனையைச் சுற்றும்போது வேகம் கூடுகிறது. அந்தக் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதில் உரச்சத்து உண்டு. நுண்ணுயிர்ப் பாசி செழிக்கிறது, அதை மேய மீன் வருகிறது. குமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க் என்னும் கடலடி மேட்டை இந்தியாவின் வளமான மீன்பிடித் தளங்களில் ஒன்றாக ஆக்கியதில் இந்த மேலெழும் நீருக்குப் பெரும் பங்கு உண்டு. 1976இல் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்தபோது அந்த மேட்டின் மீதான இறையாண்மை உரிமை இந்தியாவுக்கு வந்தது.

அந்த மேட்டைப் பற்றிப் பேசினால் குமரிக்கண்டம் நினைவுக்கு வராமல் போகாது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று குமரிக்குத் தெற்கே பல பத்து கிலோமீட்டர் தரையாகவே இருந்தது. வெட்ஜ் பேங்க் மேட்டின் பெரும்பகுதியில் கால் நனையாமல் நடந்திருக்கலாம். பனி உருகியபோது அந்தக் கரை தலைமுறை தலைமுறையாகப் பின்வாங்கியது. அதற்கு அப்பால் உள்ள ஆழ்கடலின் தரை எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட். அங்கே கண்டம் ஏதும் மூழ்கவில்லை. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் உயிரினங்களின் ஒற்றுமையை விளக்க 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் கற்பித்த லெமூரியாவும், கண்டங்கள் நகர்வது தெரிந்த பிறகு தேவையற்றுப் போயிற்று. இவ்வளவு தூரம் நகர்ந்து வந்த நிலம் நம்முடையது, இவ்வளவு கரையைக் கடலுக்குக் கொடுத்ததும் நம்முடையது. கற்பனைக் கண்டம் எதுவும் இல்லாமலே இந்த வரலாறு போதிய அளவு பெரியது.

மாலையில் சூரியன் இறங்கும்போது, அன்று பௌர்ணமியாக இருந்தால், முதுகுப் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். சித்திரா பௌர்ணமிக்கு இங்கே கூட்டம் அலைமோதும். சூரியன் மறைய நிலா எழும் காட்சிக்காக. பௌர்ணமி என்றாலே சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிலா நிற்பது, ஆகவே எல்லாப் பௌர்ணமியிலும் இது நடக்கும். சூரியன் கடலிலேயே விழும் காலமான தைப்பூசப் பௌர்ணமி இதற்கு இன்னும் பொருத்தம். இறங்குவதும் கடலில், எழுவதும் கடலில்.

இருட்டியதும் வடக்கே துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பார்க்கலாம். அதன் உயரம் ஏறக்குறைய ஓர் ஊரின் அட்சரேகைக்குச் சமம். குமரியில் 8 டிகிரி, நீட்டிய கையின் முஷ்டி அளவுகூட இல்லை. ஊரும் பனைமரங்களும் மலைகளும் மறைப்பதால் கரையில் நின்றால் பெரும்பாலும் தெரியாது. 1290களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, சுமத்திராவில் கண்ணுக்கே படாத துருவ நட்சத்திரம் கொமாரியில் கொஞ்சம் தெரிகிறது, ஆனால் 30 மைல் கடலுக்குள் போனால்தான் தெரியும் என்று குறித்திருக்கிறார். அந்த நட்சத்திரம் அன்று துருவத்திலிருந்து நான்கைந்து டிகிரி தள்ளியிருந்ததால், இரவின் ஒரு பகுதியில் இன்னும் தாழ்ந்து அடிவானத்தை நெருங்கியிருக்கும். நிலம் மறைக்காத நீர்ப்பரப்புக்குப் போனால்தான் கிடைக்கும். தெற்கே திரும்பினால் தடையே இல்லை. தை, மாசி முன்னிரவில் அகத்திய நட்சத்திரம் டெல்லியில் அடிவானத்துக்கு 9 டிகிரி மேலேதான் வந்து போகும், புகைமூட்டத்தில் பாதி நாள் தெரியாது. குமரியில் அது 29 டிகிரி ஏறி, வள்ளுவர் சிலை நிற்கும் அதே கடலின் மேல், இரவு நட்சத்திரங்களில் இரண்டாவது பெரிய வெளிச்சமாகத் தெளிவாக நிற்கிறது.